கட்டட ஓனரின் ஜிஎஸ்டி பாக்கிக்கு என் கடை வாடகையைக் கேட்கிறார்கள், யாருக்குக் கொடுப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு கட்டடத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறீர்கள். மாத வாடகை 14,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். கட்டட ஓனர் அண்ணாச்சி முன்பு இரும்புக் கடை நடத்தியவர். அவருடைய ஜிஎஸ்டி பாக்கி 6,80,000 ரூபாயை உங்கள் வாடகையிலிருந்து கட்டச் சொல்லி டிஆர்சி-13 என்ற நோட்டீஸ் உங்கள் பெயருக்கே வந்துவிட்டது. அண்ணாச்சியோ "வாடகையை வழக்கம்போல எங்கிட்டயே குடுத்துரு தம்பி, ஆபீஸை நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். யாருக்குக் கொடுப்பது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தால் உள்ளே இரண்டு பயம் தெரிகிறது: அந்த ஆறே முக்கால் லட்சம் உங்கள் தலையில் விழுமா, அரசுக்குக் கட்டினால் அண்ணாச்சி கடையைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரா. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் வணிகவரித் துறையில் வசூல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1959 சட்டத்துப் பழைய விற்பனை வரிக் காலத்தில் 26-ஆம் பிரிவு, வாட் வந்தபோது 45, இப்போது ஜிஎஸ்டியில் 79 என்று பிரிவு எண்தான் மாறிக்கொண்டே வந்தது, விஷயம் ஒன்றேதான். அந்தப் பக்கம் இருந்து இந்த நோட்டீஸை அனுப்பியிருக்கிறேன், இப்போது இந்தப் பக்கம் உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதிக் கொடுக்கிறேன். வக்கீல் இல்லை. அதனால் காலி பண்ணும் வழக்கு பற்றி நான் சொல்வதை ஒரு வக்கீலிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில், சந்தேகமே இல்லாதது. ஜிஎஸ்டி சட்டம் 79(1)(சி) என்ன சொல்கிறதென்றால், வரி பாக்கிக்காரருக்கு யாராவது பணம் தர வேண்டியிருந்தாலோ இனிமேல் தர வேண்டி வந்தாலோ, அந்தப் பணத்தை நேரே அரசுக்குக் கட்டு என்று அதிகாரி எழுத்தில் கேட்கலாம். 'இனிமேல் தர வேண்டி வந்தாலோ' என்பதைக் கவனியுங்கள், அடுத்தடுத்த மாத வாடகை அதில்தான் அடங்குகிறது. உங்களிடம் கேட்கப்படுவது அண்ணாச்சியின் கடன் கிடையாது, நீங்கள் அண்ணாச்சிக்குத் தர வேண்டிய பணம். அது மாதம் 14,000 மட்டும், அதுவும் ஒப்பந்தப்படி அந்த மாத வாடகைக்குக் கெடு வந்த பிறகு. முன்கூட்டியே கட்டச் சொல்ல முடியாது. மாதம் 14,000 வீதம் போனால் 6,80,000 தீர 49-வது மாதம் ஆகும், அதற்குள் வரிப் பகுதிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு ஏறிக்கொண்டிருக்கும். அது அண்ணாச்சி பாடு. நோட்டீஸில் முழுத் தொகையையும் போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அப்படிப் போடுவது வழக்கம்தான், உங்கள் வாடகை எவ்வளவு என்று நீங்கள் சொன்னால்தான் அதிகாரிக்கு உறுதியாகத் தெரியும்.

ஆனால் பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நோட்டீஸ் வாங்கிக்கொண்டு பதிலே போடாமல், பணமும் கட்டாமல் இருந்தால், நோட்டீஸில் உள்ள தொகைக்கு உங்களையே பாக்கிக்காரராகக் கருதலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. கவனியுங்கள், 14,000-க்கு என்று சொல்லவில்லை, நோட்டீஸில் உள்ள தொகைக்கு. நம் ஊர்க் கடைக்காரர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான்: 'நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், ஓனரு பாத்துக்கிடுவாரு' என்று நோட்டீஸை மடித்துக் கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துத் தன்னுடைய நடப்புக் கணக்கு முடங்கிவிட்டது என்று பேங்கிலிருந்து போன் வந்த பிறகு ஓடி வருவார்கள். இரண்டாவது, நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு வாடகையை அண்ணாச்சியிடம் கொடுத்தால், கொடுத்த அளவுக்கு நீங்கள் அரசுக்குச் சொந்தப் பொறுப்பாளி. ஒரே மாத வாடகையை இரண்டு தடவை கட்ட வேண்டி வரும். அண்ணாச்சி "நான் பாத்துக்கிடுதேன்" என்று வாயால் சொன்னதை அந்த ஆபீஸில் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

சரி, நோட்டீஸ் உண்மையானதா என்று பார்த்தீர்களா? இப்போதெல்லாம் இதைக் கேட்காமல் மேலே போக முடியவில்லை. மாநில அதிகாரி போர்ட்டல் வழியாக அனுப்பியிருந்தால் ஆர்எஃப்என் என்ற குறிப்பு எண் இருக்கும், மத்திய ஜிஎஸ்டி என்றால் 2019 நவம்பரில் வந்த டிஐஎன் என்ற ஆவண அடையாள எண்ணோ, போர்ட்டல் வழியாக வந்ததென்றால் ஆர்எஃப்என் எண்ணோ இருக்கும். இரண்டையும் அந்தந்த இணையதளத்தில் சரிபார்க்கலாம். அதைவிட எளிது, நோட்டீஸில் உள்ள அலுவலகத்துக்கு நேரே போய் இது உங்கள் அலுவலகத்திலிருந்து வந்ததுதானா என்று கேட்பது. பணம் அரசுக் கணக்கில், அண்ணாச்சியின் ஜிஎஸ்டி எண்ணுக்கு வரவாகும்படி சலானில்தான் போக வேண்டும். யாராவது போன் பண்ணி ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஜிபே பண்ணச் சொன்னால் அது மோசடி, பேசிக்கொண்டிருக்காமல் வைத்துவிடுங்கள்.

அடுத்து நீங்கள் எழுதாமல் விட்ட விஷயம், எனக்கு முக்கியமாகப் படுவது: வாடகை ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறது? நம் பக்கத்தில் கடையை அப்பா நடத்துவார், கட்டடம் அம்மா பேரில் இருக்கும், வாடகையை மகன் வந்து வாங்கிப் போவார், ரசீதில் கையெழுத்து யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த நோட்டீஸில் அதுதான் எல்லாமே. பாக்கிக்காரர் என்று நோட்டீஸில் போட்டிருக்கிற பெயரும், உங்கள் ஒப்பந்தத்தில் ஓனர் என்று கையெழுத்துப் போட்ட பெயரும் ஒன்றாக இருந்தால் பேச்சே இல்லை, கட்ட வேண்டியதுதான். கட்டடமும் ஒப்பந்தமும் அவர் மனைவி பேரில் இருந்து, பாக்கி அண்ணாச்சி பேரில் இருந்தால், நீங்கள் தர வேண்டியது மனைவிக்கு. அண்ணாச்சிக்கு நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை, ஆகவே கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் இதை நீங்களே முடிவு செய்துகொண்டு சும்மா இருக்கக் கூடாது, ஒப்பந்த நகலுடன் எழுத்தில் சொல்ல வேண்டும். பாக்கி ஒரு பங்குதாரர் நிறுவனத்தின் பேரில், கட்டடம் பங்குதாரரின் சொந்தப் பேரில் என்றால் கொஞ்சம் சிக்கல். நிறுவனத்தின் வரிக்குப் பங்குதாரர்களும் பொறுப்பு என்று 90-ஆம் பிரிவு சொல்வதால் அதிகாரிகள் அவருடைய வாடகையையும் கேட்பார்கள். அது சரியா தவறா என்று வாதாட வேண்டியவர் அண்ணாச்சி, உங்களுக்கு அந்த வேலை வேண்டாம். கூட்டுச் சொத்து, அண்ணன் தம்பி மூன்று பேருக்கு வாடகை பிரிகிறது என்றால், அதையும் யாருக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்ற கணக்கோடு எழுதுங்கள். மற்ற இரண்டு பேர் பங்கை அரசு எடுக்க முடியாது.

இன்னொன்று. ஒப்பந்தத்தில் 8,000 என்று போட்டுவிட்டு கையில் 14,000 வாங்குகிற பழக்கம் உண்டு. உங்களுடையது அப்படியா என்று கேட்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால், பதிவின்போது ஏற்றிய வாடகை ஒப்பந்தம் துறையிடமே இருக்கிறது, நீங்கள்தான் வாடகைக்காரர் என்று பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். உங்கள் வருமான வரிக் கணக்கில் வாடகைச் செலவு என்று எவ்வளவு காட்டியிருக்கிறீர்களோ அதுவும் எங்கேயோ பதிந்திருக்கிறது. இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால், பதில் எழுதுவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு உண்மையான தொகையை எழுதுங்கள். பொய்யான தொகை எழுதி மாட்டினால் அப்புறம் அது உங்கள் வழக்கு.

பதில் எப்படி எழுதுவது? ஒரு பக்கம் போதும். நோட்டீஸ் எண், தேதி, அது உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது. கவரைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரை உள்ள கவர்தான் அந்தத் தேதிக்குச் சாட்சி. பிறகு: கட்டடத்தில் இத்தனாம் எண் கடையில் வாடகைக்கு இருக்கிறேன், ஒப்பந்தம் இன்ன தேதி, மாத வாடகை 14,000, அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் தர வேண்டியது (உங்கள் ஒப்பந்தத்தில் என்ன கெடுவோ அது), நோட்டீஸ் வரும் முன்பு இன்ன மாதம் வரை வாடகை கொடுத்தாகிவிட்டது, அதற்கு பேங்க் ஸ்டேட்மென்ட் அல்லது ரசீது இணைப்பு. இனிமேல் கெடு வரும் வாடகையை மாதாமாதம் அரசுக்குக் கட்டத் தயார், எந்த முறையில், எந்தத் தலைப்பில் கட்ட வேண்டும் என்று எழுத்தில் தெரிவிக்கவும். நோட்டீஸில் உள்ள 6,80,000-ல் இதற்கு மேல் ஒரு தொகையும் நான் அவருக்குத் தர வேண்டியதில்லை. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், உங்களைப் பாக்கிக்காரர் ஆக்காமல் தடுப்பது அதுதான். பணம் தர வேண்டியதில்லை என்று காட்டிவிட்டால் கட்ட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் தபால் பிரிவின் சீலும் தேதியும் வாங்குங்கள், கூடவே ஸ்பீடு போஸ்டிலும் ஒரு பிரதி. அண்ணாச்சிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், மறைத்துச் செய்ததாக இருக்கக் கூடாது. கட்டிய பிறகு அதிகாரி டிஆர்சி-14 என்ற சான்று தர வேண்டும். மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். தாமதம் செய்வார்கள், மறுபடியும் கேளுங்கள். சலானும் இந்தச் சான்றும்தான் உங்கள் வாடகை ரசீது. இடையில் ஒரு சின்ன விஷயம்: ஓனருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் உங்களுக்கு இருந்தால் கடை வாடகைக்கான 18 சதவீதத்தை 2024 அக்டோபர் 10 முதல் நீங்களே ஆர்சிஎம் முறையில், அதாவது ஓனருக்குப் பதில் வாடகைக்காரரே வரி கட்டும் முறையில், கட்டிக்கொண்டிருப்பீர்கள் (விற்பனையில் சிறு சதவீதம் மட்டும் வரியாகக் கட்டும் காம்பவுண்டிங் ஆட்களுக்கு அது பிறகு விலக்கப்பட்டது). அது வேறு கணக்கு, இதில் சேர்க்காதீர்கள்.

இனி அட்வான்ஸ். அண்ணாச்சி அடுத்து சொல்லப் போவது எனக்கு இப்போதே கேட்கிறது: "அட்வான்ஸ்ல பத்து மாசம் கழிச்சுட்டோம்னு எழுதிக் குடுத்துரு." செய்யாதீர்கள். நோட்டீஸ் வருவதற்கு முன்பே அப்படிக் கழித்துக்கொள்வதாக ஒப்பந்தத்திலோ எழுத்திலோ இருந்தால், அந்த மாதங்களுக்கு நீங்கள் அவருக்குப் பணம் தர வேண்டியதில்லை, தைரியமாகச் சொல்லலாம். நோட்டீஸுக்குப் பிறகு போட்ட கடிதத்தில் முன்தேதி போட்டால் அது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலே தெரியும். அட்வான்ஸ் தொகையையும் கட்டு என்று யாராவது கேட்டால், அது அவர் உங்களுக்குத் தர வேண்டியது, நீங்கள் அவருக்குத் தர வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். இது வரை நிச்சயம். சந்தேகமான இடம் எதுவென்றால், நீங்களே கடையைக் காலி பண்ணப் போகிறீர்கள், அண்ணாச்சியிடம் திருப்பித் தர ஒன்றரை லட்சம் இல்லை, அப்போது கடைசிப் பத்து மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டா, அல்லது அந்த வாடகையும் அரசுக்கா? நியாயம் உங்கள் பக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் ஒத்துக்கொண்ட அதிகாரியையும் பார்த்திருக்கிறேன், ஒத்துக்கொள்ளாதவரையும் பார்த்திருக்கிறேன். அந்த நிலை வருவதற்கு முன்பே, இந்த முதல் பதில் கடிதத்திலேயே 'என்னுடைய அட்வான்ஸ் 1,50,000 அவரிடம் இருக்கிறது, அதன் மீதான என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

காலி பண்ணச் சொல்வாரா என்ற பயத்துக்கு வருவோம். நோட்டீஸின்படி அரசுக்குக் கட்டிய பணம், அண்ணாச்சியின் அதிகாரத்தின் பேரிலேயே கட்டியதாகக் கருதப்படும், அந்த அளவுக்கு உங்கள் வாடகைக் கடன் தீர்ந்தது என்று 79-ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே வாடகை பாக்கி வைத்தார் என்று அவர் வழக்குப் போட்டால் சலானை நீட்டினால் போதும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் பாக்கிக்காகக் காலி செய்யவைக்க இரண்டு மாத வாடகை பாக்கி இருக்க வேண்டும், அதற்கு நோட்டீஸும் தர வேண்டும். கரண்டையோ தண்ணீரையோ துண்டிப்பதற்கும் அந்தச் சட்டத்தில் தடை உண்டு, வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: உங்கள் ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குப் போட்டதாக இருந்து, வாடகை அதிகாரியிடம் பதியாமலும் இருந்தால், கெடு முடிந்ததும் புதுப்பிக்க மாட்டேன் என்று அவர் சொல்வதை இந்த நோட்டீஸ் தடுக்காது. பதியாத ஒப்பந்தத்துக்கு எந்த நீதிமன்றம், எந்த வழி என்பதெல்லாம் வக்கீல் சொல்ல வேண்டியது. செலவுக்கு யோசித்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம். கடை உங்கள் வீட்டம்மா பேரில் இருந்தால் பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போகாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது, அனுபவத்தில் வேலை செய்கிற வழி. அவரிடம் போய் 'அண்ணாச்சி, நான் கட்டலைன்னா என் கணக்கை முடக்கிருவாங்க, நீங்க 80-வது பிரிவுல தவணை கேளுங்க' என்று சொல்லுங்கள். டிஆர்சி-20 படிவத்தில் விண்ணப்பித்தால் பாக்கியை 24 மாதத் தவணை வரை பிரித்துக் கட்ட அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டு. உத்தரவு தவறு என்று அவர் நினைத்தால், மேல்முறையீட்டுக்கான கெடு தாண்டாமல் இருந்தால், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டி மேல்முறையீடு செய்தால் மீதி வசூல் நிற்கும். இரண்டில் எதைச் செய்தாலும் அந்த உத்தரவைக் காட்டி உங்களுக்கு வந்த நோட்டீஸைத் திரும்பப் பெறும்படி கேட்கலாம், திருத்தவும் ரத்து செய்யவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ரத்து உத்தரவு எழுத்தில் உங்கள் கைக்கு வரும் வரை வாடகை அரசுக்குத்தான். 'ஆபீஸர்ட்ட பேசியாச்சு' என்று வந்து சொன்னால் சிரித்துக்கொண்டே கடிதம் கேளுங்கள். பெரும்பாலான ஓனர்கள் பேசாமல் இருப்பது கோபத்தால் இல்லை, நாலு வாடகைக்காரர்களுக்கும் நோட்டீஸ் போய் ரத வீதி முழுக்கத் தெரிந்துவிட்டதே என்ற கூச்சத்தால். அதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வேறு இரண்டு நிலைமைகளில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் கட்டடத்தை அடமானம் வைத்துக் கடன் கொடுத்த பேங்க், வாடகை எங்களுக்கு வர வேண்டும் என்று இன்னொரு நோட்டீஸ் அனுப்பினால், பேங்க் முதலா அரசு முதலா என்பது பதிவு, தேதி எல்லாவற்றையும் பொறுத்தது. பெரிய வக்கீல்களே இன்னும் அதில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அதில் தீர்ப்பு சொல்லப் போகாமல் இரண்டு தரப்புக்கும் மற்றவரின் நோட்டீஸ் நகலை அனுப்பி, யாருக்குக் கட்ட வேண்டும் என்று கேளுங்கள், அது வரை பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், தொடாதீர்கள். அண்ணாச்சி கட்டடத்தை விற்றுவிட்டால் புது ஓனருக்குச் சேர வேண்டிய வாடகையைப் பழையவரின் பாக்கிக்கு எடுக்கலாமா என்பதும் அப்படித்தான், விற்பனை எப்போது, எதற்காக நடந்தது என்று கிளறுவார்கள். விற்பனைப் பத்திர நகலோடு அதிகாரிக்கு எழுதிவிட்டுக் காத்திருங்கள்.

இதே மாதிரிக் கடிதம் வேறு அலுவலகங்களிலிருந்தும் வரலாம். பீடிக் கம்பெனி, தீப்பெட்டி ஆலை என்று தொழிலாளர் வைத்து நடத்திய ஓனராக இருந்தால் பிஎஃப் அலுவலகத்திலிருந்து 8-எஃப் பிரிவில் வரும், ஈஎஸ்ஐ என்றால் 45-ஜி. வருமான வரி என்றால் 1961 சட்டத்தில் 226(3), 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் என்பதால் எண் வேறாக இருக்கும். அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வருமான வரியில் ஒரு நல்ல வசதி, தர வேண்டிய பணம் இல்லை என்று சத்தியப் பிரமாணத்தில் எழுதிக் கொடுத்தால், அதிகாரி அதை எடுத்தவுடன் தள்ளிவிட முடியாது, பொய் என்று சொல்ல விசாரித்து உங்களுக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று 1981-ல் பிகாரிலால் ராம்சரண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜிஎஸ்டி பதிலிலும் நாங்கள் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவது உண்டு, எல்லா அதிகாரியும் ஏற்பதில்லை.

ஒப்பந்தத்தில் ஓனர் என்று கையெழுத்துப் போட்டிருப்பது யார், நோட்டீஸில் பாக்கிக்காரர் என்று யார் பெயர் இருக்கிறது, நோட்டீஸ் கைக்கு வந்த தேதி என்ன, அதற்குப் பிறகு ஏதாவது வாடகை கொடுத்தீர்களா, இந்த நாலையும் இங்கே எழுதுங்கள் (பெயர்களைப் போட வேண்டாம், ஒரே ஆளா வேறு ஆளா என்று மட்டும் சொன்னால் போதும்). அதைப் பார்த்துவிட்டு பதில் கடிதத்தின் மாதிரி ஒன்று எழுதித் தருகிறேன். நோட்டீஸில் போட்டிருக்கிற கெடு முடிவதற்குள் எழுதுங்கள்.